அத்தையின் மோருக்கு நின்ற இத்தாலிக்காரன்

எங்கள் அத்தைக்கு வாய் நீளம். உப்பு கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. ஆனால் தாகத்தோடு ஒருவர் வாசலைக் கடந்து போனால் அவளுக்குப் பொறுக்காது. மலேசியாவில் கோலா சாவா பக்கத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடா வருடம் மோர்ப் பந்தல் அவள் பொறுப்புதான். எனக்குப் பத்து வயதானபோது, வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டும் சைக்கிள் பந்தயம் எங்கள் ரோட்டு வழியாகப் போகப் போகிறது என்றார்கள். அத்தை உடனே மோர்ப் பானையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அது ரேஸ் லா! மோர் குடிக்கவா நிப்பானுங்க?"

"காவடி எடுக்கிறவன் நின்னு குடிக்கல? ஒருத்தனாச்சும் நிப்பான். நிக்கலன்னா இனிமே திருவிழாவுக்கும் இந்தப் பானைய நான் தொட மாட்டேன்" என்றாள் அத்தை.

சொன்னால் செய்கிறவள். அந்த மோர் இல்லாமல் அது என்ன திருவிழா!

இஞ்சியும் பச்சை மிளகாயும் இடிப்பது என் வேலை. இரண்டு மிளகாய் போதும் என்றிருந்தாள். ருசி தூக்கலாக இருந்தால்தானே நிற்பார்கள் என்று நான் ஐந்து போட்டேன்.

முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பின்னாலேயே பந்தயக்காரர்கள் வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிடப் போனார்கள் என்பதே சரி. அத்தை நீட்டிய டம்ளர் நீட்டியபடியே இருந்தது. மாமாகூடக் கிண்டல் செய்யவில்லை. அவள் பானையை மூடப் போனாள்.

அப்போதுதான் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தனியாக, மெதுவாக வந்தான். பின்னால், இத்தாலி என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வேன். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் போட்டிருந்த எங்கள் பெஞ்சுக்கு நேராக இறங்கிவிட்டான்! நான் குதித்தேன். வேனிலிருந்து வந்தவர் அவன் முதுகில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றினார். சௌகரியமாகக் குடிக்கட்டும் என்றுதான் கழற்றுகிறார் என்று நினைத்தேன்.

ஒரே மூச்சில் குடித்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

"எத்தன மொளகா லா போட்டீங்க?" என்று மாமா பதறினார்.

"அஞ்சு" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதையும் குடித்தான். வேனில் ஏறும்போது தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மிளகாயை மன்னித்துவிட்டான் என்று எனக்கு ஒரே நிம்மதி. இத்தாலிக்காரனே நின்று குடித்த மோர் என்று பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

போன மாதம் வீட்டை ஒழித்தபோது அந்த பாட்டில் கிடைத்தது. அதிலிருந்த பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். இத்தாலியின் சிறிய ஊர் ஒன்றில் தொடங்கிய சைக்கிள் குழுவாம். சமையல் சாமான் கம்பெனி ஒன்றுதான் அதற்குப் படியளந்திருக்கிறது. மலைப் பந்தயங்களில் ஜெயித்த காலமும் உண்டாம். கம்பெனி கையை விரித்ததும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். எங்கள் ரோட்டுக்கு வந்த அந்த வருடம்தான் அதற்குக் கடைசி. முதுகு நம்பரைக் கழற்றினால் பந்தயத்திலிருந்து விலகிவிட்டான் என்று அர்த்தமாம். அவன் அழுதது மிளகாய்க்கு இல்லை.

ஐந்து மிளகாய்க்கு அன்று அத்தை என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. நான் தப்பித்துவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.