மூன்று அறைகளில் ஒரு மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிளை வாங்கும்போது முழு வண்டியை வாங்குகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அறுபதுகளின் நடுவில் நான் மின்சார இலாகாவில் மீட்டர் ரீடர். காரைக்குடியில் தொடங்கிச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் அலைவேன். வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனபோது, பின்கட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டுக் கயிற்றால் கட்டிய ஏதோ ஒன்று சாய்ந்து கிடந்தது. சாக்கின் ஓரத்தைத் தூக்கினேன். பின் சக்கரமும், துருப் பூத்த எஞ்சினும், புறா எச்சமும் தெரிந்தன. யுத்தத்துக்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இங்கிலீஷ் வண்டி என்றார் வீட்டைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர். பெரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. மெட்ராசிலிருந்த மூத்த மகனுக்குக் கடிதம் போட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து, கட்டைக்கூட அவிழ்க்காமல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சாக்கை முழுசாகத் தூக்கிப் பார்க்கிற பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வீட்டு வாசலில் கட்டை அவிழ்த்தபோது என் மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அப்போது அவள் ஆறு மாத கர்ப்பிணி.

"பெட்ரோல எங்குட்டு ஊத்துவீக?" என்று கேட்டாள்.

டேங்க் இல்லை. விளக்கு இல்லை. கார்புரேட்டர் இல்லை. தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோ இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாக்கை ஓர் உதை விட்டேன். பிறகு அதே வெயிலில் சைக்கிளை மிதித்து வலையபட்டிக்குத் திரும்பிப் போனேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் அவள்தான். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். அவள் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துத் திருப்பத்தூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் இறங்கி, அங்கிருந்து கண்மாய்க்கரையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். சாயங்காலம் அதே இரண்டு மைல் திரும்ப நடந்து, பஸ்ஸுக்கு நின்று, வீடு வரும்போது இருட்டிவிடும். வந்த கையோடு அடுப்பைப் பற்ற வைப்பாள். கால் வீங்கிப்போய் அவள் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருநாள், பிள்ளை பிறப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. காத்திருக்கிற ஆளா நான்?

காரியக்காரர் மோர் கொடுத்து உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். பெரியவருக்கு மூன்று மகன்கள். பாகம் பிரித்தபோது வண்டி யாருக்கு என்பதில் சண்டை வந்ததாம். பங்காளிகள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். உடம்பும் சக்கரமும் எஞ்சினும் மூத்தவருக்கு. மேக்னெட்டோவும் கார்புரேட்டரும் நடு மகனுக்கு. டேங்க்கும் விளக்கும் இளையவருக்கு.

"இப்பிடிப் பிரிச்சா எப்பிடிங்க ஓட்டுறது?" என்றேன்.

"ஓட்டக் கூடாதுன்னுதானே பிரிச்சது. மூணு பேரும் ஒத்து வந்தா ஓடும். இல்லாட்டி யாருக்கும் வேணாம்" என்றார்.

அந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, ஓர் அறை உண்டு. அவரவர் பங்குச் சாமானை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியோடு ஊரை விட்டுப் போய்விடுவார்கள். நடு மகனின் அறைச் சாவி கோயமுத்தூரில். இளையவரின் சாவி மலேயாவில். அந்தக் கதவுகளை அவர்கள் வந்துதான் திறக்க வேண்டும். குடும்பத்தில் கல்யாணம் வர வேண்டும், அல்லது முன்னோருக்குத் துணி வைத்துச் சோறு வைத்துக் கும்பிடுகிற படைப்பு வர வேண்டும். அதற்கு எல்லாப் பங்காளிகளும் வந்து சேருவார்கள். அடுத்த படைப்பு எப்போது என்றேன். எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்யும்போது என்றார். எனக்கு எழுந்து போய் அந்த இரண்டு கதவையும் கடப்பாரையால் நெம்பலாமா என்றிருந்தது.

மகள் பிறந்தாள். விடுப்பு முடிந்ததும் மனைவி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் போனாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் தூளி கட்டி, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஆட்டிவிடுவாளாம். நான் வீட்டில் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிஸ்டன் பிடித்துப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்துத் தினமும் ஆபீசுக்குக் கிளம்பும் முன் கிக்கரை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பேன். அசையாது. மிதித்த கோபத்தோடுதான் அன்றைய மீட்டர்களையெல்லாம் பார்ப்பேன். நாற்பத்தோராம் நாள் ஒரு விரற்கடை இறங்கியது. அன்றைக்கு ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

ரிங் தேய்ந்திருந்தது, புஷ் தேய்ந்திருந்தது. செக்காலை ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்காரர் பழைய சாமானைப் பார்த்து அதேபோலக் கடைந்து தருவார். நான் அவர் தலைமேல் நிற்பேன். "சார், நீங்க அங்குட்டுப் போயி ஒரு காபியக் குடிச்சிட்டு வாங்க. நீங்க நிக்கிற நிப்புல எனக்குக் கை நடுங்குது" என்று விரட்டுவார். காபியைக் குடித்துவிட்டு ஐந்தாவது நிமிஷம் திரும்ப வந்து நிற்பேன். இதற்கிடையே இலாகா வேலை. சனி, ஞாயிறுகளில் குன்றக்குடிப் பக்கம் எங்களுக்கிருந்த வயலுக்குப் போய் வர வேண்டும். நாற்று நடுகிற நாளில் சேற்றில் நின்றுகொண்டு செயினுக்கு எத்தனை கண்ணி வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். வண்டியின் முன்னால் உட்கார்ந்தால் வயல் நினைப்பு வரும். எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டியவன் போலத்தான் இருந்தேன்.

மூன்றாம் வருஷம் காரியக்காரர் ஆள் அனுப்பினார். புதன்கிழமை படைப்பு. நடு மகனின் மனைவி, அந்த வீட்டு ஆச்சி, கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறார்கள், அன்றே சாயங்காலம் திரும்பப் போகிறார்கள் என்று சேதி. மலேயாவிலிருந்து இளையவர் இந்தத் தடவை வரவில்லையாம்.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மனைவியும் ஒரு சேதியோடு வந்தாள். குன்றக்குடி பக்கத்தில் ஒரு பள்ளியில் இடம் காலி. பஸ் நிற்கிற இடத்திலேயே பள்ளிக்கூடம். மாற்றல் கேட்டு மனுவைப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் நேரில் கொடுக்க வேண்டும்.

"நாளைக்கு நீங்களும் வாங்க. பொம்பளையாளு தனியாப் போயி நின்னா அந்தக் கிளார்க்கு தலையவே தூக்க மாட்டாரு. போன தடவ சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு வந்தேன்" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "நாளைக்குப் படைப்பு. விட்டா இன்னும் மூணு வருசம். அடுத்த வாரம் போவோம்" என்றேன். அவள் சரி என்றாள். எப்போதும் சரி என்றுதான் சொல்வாள். அது எனக்கு வசதியாக இருந்தது.

படைப்பு வீட்டில் அன்று கால் வைக்க இடமில்லை. பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. ஆச்சி என்னைப் பார்த்ததும், "கரண்டுக்காரகளா? மீட்டரு முன்னுக்கு இருக்கு" என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். கும்பிட்டு முடியும்வரை அறையைத் திறக்க முடியாது என்றார்கள். முடிந்ததும், படைப்பு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். பந்தியில் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. கண் அந்த அறைக் கதவிலேயே இருந்தது. சாப்பிட்டு வந்தால், சும்மா கொடுக்கிற சாமானுக்குப் பதிலாக அறையில் எரியாத விளக்கைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்றார்கள். சரிபண்ணினேன். கடைசியில் ஒரு தகரப் பெட்டியிலிருந்து, பர்மா லுங்கியில் சுற்றியிருந்த மேக்னெட்டோவையும் கார்புரேட்டரையும் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். மணி மூன்று. சைக்கிள் கேரியரில் வைக்க மனம் வராமல் மடியில் கட்டிக்கொண்டு வீடுவரை மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலங்கள் கொஞ்சம்தான்.

அடுத்த வாரம் எனக்கு ஆபீசில் கணக்கெடுப்பு. அதற்கு அடுத்த வாரம் மேக்னெட்டோவின் கம்பிச்சுருள் எரிந்துபோயிருப்பது தெரிந்து, மெல்லிய கம்பியை நானே சுற்ற உட்கார்ந்துவிட்டேன். ஒருநாள் மனைவி வந்து செருப்பைக் கழற்றியபடி, "அந்த எடத்துக்கு ஆளு போட்டுட்டாக" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். குரலில் ஒன்றும் இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வண்டி ஓடிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அறுந்துபோன கம்பியை முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தேன்.

எழுபதுகள் பிறந்துவிட்டன. இளையவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தபோதுதான் மலேயாவிலிருந்து அந்தச் சாவி வந்தது. டேங்கை வாங்கிவந்து, உள்ளே கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ உதையில், வண்டி இருமிக்கொண்டு பிடித்தது. தெருவே வந்து பார்த்தது. மனைவி கதவோரம் நின்று சிரித்தாள். நாளைக்கு நீ பஸ்ஸில் போக வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். திருப்பத்தூர் ரோட்டில் பஸ்ஸை முந்தினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமும் தகும் என்று நினைத்தேன். புளியமரத்தில் திரும்பிக் கரையில் ஏற்றினேன். ஒரு மைல் போயிருப்போம். நடுவில் கரை அறுந்து, பள்ளமாக இறங்கியது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்கு. அதன் குறுக்கே ஆள் தாண்டிப் போக வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன, ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்கு. அதில் சைக்கிளைக்கூடத் தோளில் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் பிரேக்கைப் பிடிப்பதற்குள் அவள் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெனம் இதத் தாண்டித்தானே போறேன்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே."

"வண்டி வந்த அன்னைக்கே சொன்னேன். டேங்கு வந்தப்பயும் சொன்னேன். 'ம்'னீக."

அந்த ஊருக்கு மின்சாரம் கிடையாது. அதனால் நான் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. மீட்டர் இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை இருந்தது? பெண்டாட்டி தினமும் போகிற ஊர் என்பது ஒரு காரணமாகத் தோன்றவே இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு அவள் பின்னால் கற்களில் இறங்கினேன். மூன்றாவது கல்லிலேயே வழுக்கி முழங்கால்வரை சேறானேன். அவள் தாண்டிப்போய் அக்கரையில் நின்று, நான் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைமாத வயிற்றோடும், பிறகு பிள்ளையோடும் இந்தக் கற்களில் இவள் கால் வைத்திருக்கிறாள்.

"தண்ணி போகும்போது என்ன பண்ணுவே?"

"அங்குட்டு வரப்பு மேல சுத்தி வருவேன். அது மூணு மைலு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் காட்டிலும் பயமாக இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாள் இவளோடு இந்தக் கரையில் நடந்திருந்தால் நான் அந்தச் சாக்கைத் தொட்டிருக்கவே மாட்டேன். மாற்றல் உத்தரவு வரும்வரை அந்த ஆபீஸ் வாசலிலேயே கிடந்திருப்பேன். அவளிடம், "அந்த மனுவ மறுபடி எழுதிக் குடு. இன்னைக்கே நான் யூனியன் ஆபீசுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் பைக்குள் கையை விட்டு, வருகைப் பதிவேட்டுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. பேர், ஊர், குழந்தை, தூரம் எல்லாம் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தன. கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். தேதி எழுதுகிற இடத்தை மட்டும், நான் என்றைக்கு வருவேன் என்று தெரியாமல், காலியாக விட்டிருந்தாள்.