சி.டி.யில் இடம் பத்தலை

மதுரை கோரிப்பாளையத்தில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைச் சி.டி.யில் போட்டு விற்ற மேதை நான். அதன் மையமான கெர்னலில் கோளாறு எந்த இடத்தில் என்று காட்டும் பெயர்களை, இடத்தை அடைக்கின்றன என்று நீக்கியிருந்தேன்.

என் சி.டி.யை வாங்கிப் போட்டு உசிலம்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒல்லி மனிதர் ஒரு நோட்டோடு வந்தார். கம்ப்யூட்டர் படுக்கும்போதெல்லாம் திரையில் வருவதை அப்படியே எழுதிவைப்பது அவர் பழக்கம்.

"அம்புட்டும் நம்பராவே இருக்குண்ணே. எங்க கோளாறுன்னு சொல்லுங்க. இல்லேன்னா கடையை மூடணும்."

"பேரு இல்லாம சொல்ல முடியாதுண்ணே. சி.டி.யில இடம் பத்தலைன்னு எடுத்துட்டேன்."

"வால்பேப்பரா உங்க போட்டோ மட்டும் பத்து இருக்கேண்ணே?"

நான் சிரித்தேன். அவர் நோட்டை வைத்துவிட்டுப் போனார். பிறகு கடையை மூடிவிட்டாராம்.

அடுத்த சி.டி.யில் என் போட்டோக்களை எடுத்துவிட்டுப் பெயர்களைச் சேர்த்தேன். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் பெயர் எழுதும் கோடு காலி. நானும் கேட்டதில்லை.