இயந்திரம் காட்டாத செல்கள்

ஏனாத்தூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு நான் மல்லுக்கட்டிய காலம் அது. உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ். உடம்பைக் காக்கும் செல்கள் சில சமயம் வெறிகொண்டு சொந்த உடம்பையே தாக்கும். அவற்றை அடக்கி வைக்கவும் ஒரு வகைச் செல்கள் உண்டு. மூலிகைச் சாறு கொடுத்தால் எலிக்கு அந்த அடக்கும் செல்கள் கூடுமா என்பதுதான் என் ஆய்வு. அவற்றைக் கண்டுபிடிக்க, நிறம் ஏற்றிய ஆன்டிபாடி வேண்டும். அது அந்தச் செல்களில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் நிறத்தைப் பார்த்து எண்ணும். கடல் தாண்டி வந்த ஒரே ஒரு குப்பி, என் சுண்டுவிரல் உயரம். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதை நம்பித்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, டிரான்ஸ்ஃபார்மர் வேலை, திங்கள் வரை கரண்ட் கிடையாது என்றார்கள். ஜெனரேட்டர் எலி அறைக்கு மட்டும். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் குப்பி கெட்டுவிடும். குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். என் நைனா பஸ் ஸ்டாண்டில் குச்சி ஐஸ் விற்பவர். ஐஸுக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்?

"நைனா, இது சில்லுனே இருக்கணும். நான் நாளைக்குப் பெருநகர் ஊர்ல கல்யாணத்துக்குப் போறேன், பாத்துக்கோ" என்றேன்.

"நீ போயிட்டு வாமா. என் வேலையே அதான?"

திங்கட்கிழமை குப்பி சில்லென்று என்னோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியது.

அந்த வாரம் ஆரம்பித்தது குழப்பம். சாறு குடித்த எலி ஒன்று, குடிக்காதது ஒன்று. இரண்டையும் கொன்று மண்ணீரலை எடுத்துச் சோதித்தேன். அடக்கும் செல்கள் ஒன்றுகூட இல்லை என்றது இயந்திரம். இரண்டிலுமே! அந்தச் செல்கள் இல்லாத எலி நோயில் சுருண்டு கிடக்க வேண்டும். நான் கொன்றதோ, காலையில் கூண்டுக் கம்பியில் ஏறித் தீனிக்குச் சண்டை போட்ட எலி. எதை நம்புவது, எலியையா, இயந்திரத்தையா?

"கை சுத்தமில்லம்மா உனக்கு, திரும்பப் பண்ணு" என்றார் என் கைடு. பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு எலி. கழுவும் நீரை மாற்றினேன், அளவை மாற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்து, பஸ்ஸில் விரல்களைப் பார்த்துக்கொண்டே போவேன். பைத்தியம்தான்.

ஒரு காலை, நைனா பெட்டியில் ஐஸ் அடுக்குவதைப் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கல் உப்பை அள்ளி அள்ளி வீசினார்.

"உப்பு எதுக்கு நைனா?"

"இன்னாமா இப்டி கேக்குற? உப்பு போட்டாதான் குச்சி ஐஸ் கல்லு மாறி நிக்கும். உன் மருந்துக்கும் ஞாயித்துக்கிழம ரெண்டு கை போட்டேனே!"

வாயில் நுரையோடு நின்றேன். உப்பிட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட எத்தனையோ குளிர். குப்பி உறைந்திருக்கிறது, திங்களுக்குள் இளகியும் இருக்கிறது. உறைந்தால் அந்த நிறம் செத்துவிடும். எலிகளிடம் செல்கள் இருந்தன. காட்ட வேண்டியதுதான் செத்துப்போயிருந்தது. இவ்வளவு படித்த நான், உறையக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னேனா? அவருக்குத் தெரிந்த குளிர் அது ஒன்றுதான். வாயைக் கொப்பளித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தித் தீர்த்துவிட்டு, வேறு குப்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

சாயங்காலம் நைனா வாசலிலேயே நின்றார். "உப்பு போட்டது தப்பாமா?"

பொய் சொல்லத்தான் வந்தேன். வாய் வரவில்லை. "உறையக் கூடாது நைனா. நான்தான் சொல்லல. என் தப்பு."

"மருந்து பூட்ச்சா?"

"பூட்ச்சி."

"அப்போ இத்தினி நாளா அறுத்தியே, அந்த எலிங்க? அதுங்களுக்கு இன்னா கொற?"

"ஒரு கொறையும் இல்ல நைனா. நல்லாத்தான் இருந்துச்சுங்க."