சைவக் கறிப் பொட்டலம்

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் ஒரு பொட்டலம் கிடக்கிறது. ஈப்போவில் ஒரு சீனர் நடத்தும் சைவக் கடையில் வாங்கியது. சோயாவில் செய்த ஆட்டுக்கறி. காலாவதியாகிப் பல வருஷமாகிறது. பனி மேல் பனி படிந்து இப்போது செங்கல் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அது என்னவென்று கேட்டால், எங்கள் பரம்பரை நகை என்பேன். என் மனைவி அதைக் குப்பையில் போட இரண்டு முறை கையில் எடுத்தாள். இரண்டு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். எதையும் கேலியாக்குகிற என் முகத்தில் அப்படி என்ன கண்டாள் என்று நான் கேட்டதில்லை. பயத்தைத்தான் கண்டிருப்பாள்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. நானும் அவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பால்மரங்களை அழித்துத் தோட்டத்தை விற்ற பிறகு அவர் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான செமோருக்குப் போய், குவாரியில் கல் லோரி ஓட்டினார். நான் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டினேன். மாமன் மச்சான் கேலிக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமில்லை. ஆனால் கேலி செய்கிறவன் எப்போதும் நான், அகப்படுகிறவர் எப்போதும் அவர். நான் சொல்லும் பொய்யை உடனே நம்பிவிடுவார். உண்மையைச் சொன்னால்தான் நம்பமாட்டார். இது எனக்குப் பல வருஷம் பெரிய வேடிக்கையாக இருந்தது.

என் மகன் ஏழு மாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தவனைப் பார்த்து நான் ஆஸ்பத்திரித் தாதிகளிடம் ஏதோ ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். அழுதுவிடக் கூடாதே என்றுதான். மச்சான் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்து, பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். இரண்டு காவடி முடிந்தது. நான் சொல்லப்போவது மூன்றாவது வருஷத்தின் கதை.

தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், விரதத்தில் இருந்த மச்சானை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். விரதக்காரர்களுக்கென்றே சீனர் கடையில் வாங்கிய சைவக் கறியில் ஒரு பொட்டலத்தை எண்ணெய் மிதக்கப் பிரட்டி வைத்துவிட்டு, மனைவி பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டாள். பரிமாறியது நான். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த மனிதர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அவர் கடைசி வாயை விழுங்கும்வரை காத்திருந்துவிட்டு, "மச்சான், இன்னிக்கு சைவக் கடை பூட்டிட்டான்லா. மார்க்கெட்ல நல்ல ஆடு கெடச்சுச்சு," என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார், ஒரு தட்டாவது பறக்கும், பிறகு சிரித்துக்கொண்டே பொட்டலத்தின் உறையைக் காட்டலாம் என்று இருந்தேன். அவர் திட்டவில்லை. கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஜோக்கை ஒரு நாள் ஊறவிட்டால் ருசி கூடும் என்பது என் கெட்ட பழக்கம். மறுநாள் வேன் பஞ்சராகி, பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதில் மறந்தே போனேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மச்சானின் மனைவி போன் செய்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து வயிற்று வலி, வாந்தி. வயிற்றுக் காற்று என்று தைலம் தேய்த்து, இஞ்சித் தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. இப்போது காய்ச்சல் வேறு. கிளினிக்குக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், காரணமும் சொல்லமாட்டேன் என்கிறார் என்றார். காரணம் எனக்குத் தெரியும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை அப்படியே செமோருக்குத் திருப்பினேன்.

முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை விலா எலும்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டது போல இருந்தது. மூச்சை முழுதாக இழுக்கப் பயந்து, நாய்க்குட்டி மாதிரிச் சின்னச் சின்னதாக விட்டார். வலி முதுகில் ஏறி வலது தோள்பட்டையில் குத்துகிறது என்றார். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. இரண்டு நாளாக மாத்திரையும் போடவில்லை. அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரம் என் பக்கம் திரும்பினார்.

"வெரதத்துல கறி தின்னுட்டேன் மாப்ள. முருகன் கேக்குறான். வாங்கிக்கத்தான் வேணும்."

அது சோயா, நான் விளையாடினேன் என்று சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்காகச் சொல்ற. நீ எந்தக் காலத்துல உண்ம பேசியிருக்க," என்றார். என் மகன் மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தேன். அந்த வலியிலும் கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். பிள்ளை பெயரை இதில் இழுக்காதே, அவனுக்காகத்தானே எல்லாம் என்றார். உள்ளங்கை அடுப்பு மாதிரிச் சுட்டது. வாழ்நாள் முழுவதும் நான் சேர்த்த பேர் அன்றைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. செம்பைக் கீழே வைத்தார். "சாமி தண்டனன்னா ஆஸ்பத்திரியில வச்சும் குடுக்கும். முருகனுக்கு வழி தெரியாதா? எந்திரிங்க," என்றார். அந்தக் குரலுக்கு மச்சான் எழுந்தார்.

கார்ட்டூன் படங்கள் ஒட்டிய வேனில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் அவரைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு மேட்டிலும் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. முனகல் வராத மேட்டில் எனக்கு உயிர் போனது. வழியில்தான் என் வீடு. எஞ்சினை அணைக்காமல் உள்ளே ஓடி, ஐஸ்பெட்டியில் மிச்சமிருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். நான் பொய்யன் இல்லை என்று யாரிடமாவது நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் மலாய் டாக்டரம்மா. கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டதும் நான் பொட்டலத்தை நீட்டினேன். பனி உருகி அவருடைய காகிதங்களில் சொட்டியது. இது ஆடு இல்லை, சோயா என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரிய மனநல மருத்துவமனை இருக்கிற தஞ்சோங் ரம்புத்தானுக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவது போலத் தாதி என்னைப் பார்த்தார். டாக்டரம்மா மட்டும், எண்ணெய் நிறையவா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு மச்சானின் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தார். பாதியில் மூச்சு நின்றது. சுவரில் மோதியது போல நின்றது.

இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பித்தப்பைக்குள் கற்கள், ஒன்று வாயை அடைத்துக்கொண்டு, பை வீங்கிச் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. இனிப்பு நீர்க்காரர்களுக்கு அது உள்ளேயே அழுகிவிடும், வெடித்தால் விஷம் வயிறெல்லாம் பரவும் என்றார். ஒன்றும் சாப்பிடக் கூடாது. டிரிப்ஸ், கிருமிக்கு ஊசி, வியாழக்கிழமை ஆப்பரேஷன். மச்சான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இந்தக் கல் எப்போது வந்தது? ஒரு சாப்பாட்டில் வருவதில்லை, பல வருஷமாக உள்ளே இருந்திருக்கும் என்றார் அவர். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"அப்ப ரெண்டு காவடியும் இதோடதான் தூக்கியிருக்கேன்," என்றார்.

முருகன் கணக்கிலிருந்து கல் கழிந்துவிட்டது; அது தண்டனை இல்லை என்பதை மட்டும் நம்பினார். ஆனால் ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வெட்டினால் சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. மூன்றாவது காவடி என்னாவது? பூசம் முடிந்து வருகிறேன் என்றார். அதுவரை பை காத்திருக்காது என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். அக்கா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நான் தூக்குறேன் மச்சான்."

அவர் தலையைத் திருப்பினார். ஊசி என்றால் ஓடுகிறவன், ஒரு வேளை மீன் இல்லாமல் சாப்பிடாதவன், விரதம் என்ற வார்த்தையையே கேலி செய்தவன். "இது ஜோக்கா மாப்ள?" என்றார். இல்லை என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். அதில் அவர் எதைத் தேடினார், எதைக் கண்டார் தெரியாது. பேனாவைக் கேட்டார்.

வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரம் என்றவர்கள் மூன்று மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. சின்னத் துளைகள் வழியாகவே எடுக்கப் பார்க்கிறோம், முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அக்கா என்னோடு பேசவில்லை. கல்லை நான் வைக்கவில்லைதான். ஆனால் இரண்டு நாள் அவர் வாயை மூடிக் கிடந்ததற்கு யார் காரணம்? அந்தக் கேள்வியோடு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. கதவு திறந்து, பை ஒரு பக்கம் கறுத்திருந்தது, ஆனால் வெடிக்கவில்லை, துளை வழியாகவே எடுத்துவிட்டோம் என்று சொன்னபோது எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தைப்பூசத்தில் கல்லுமலையில் பால் காவடி எடுத்தேன். கூட்டத்தில் சீரியசாக நடந்துபோன என்னைக் கண்டு என் வேன் பிள்ளைகள் சிரித்தார்கள். நியாயம்தான்.

போன வாரம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். இன்னும் விரதம் இருக்கிறார். மூன்று காவடி முடிந்தும், வருஷா வருஷம் ஒரு பால்குடம் எடுக்கிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை; அன்றைக்குக் கறி தின்றதற்கு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். தண்ணீருக்கு ஐஸ் எடுக்க மேல்தட்டைத் திறந்தவர், பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"அது சைவம் மச்சான்," என்றேன்.

"சரி மாப்ள," என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பழக்கத்தில் அவருடைய வலது கை விலாவுக்குக் கீழே போய் நின்றது. பித்தப்பை இல்லாத இடம்; வலிக்க அங்கே ஒன்றுமில்லை. அது எனக்கும் தெரியும். இருந்தும், அந்தக் கை கீழே இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.