கசம் என்ற சொல்

கடந்த பெப்ரவரி ஒன்பதாம் திகதி மாலை நான்கு மணிக்குத் தர்மபுரத்தில், எங்கள் ஒழுங்கையின் இருபக்க வீட்டுச் சனத்துக்காக ஒரு சுகாதாரக் கூட்டம் நடந்தது. தமிழ் இலக்கியம் கற்பவள் என்பதால், அறிவித்தலை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "காசநோய் காற்றினால் பரவும்; நீடித்த இருமல் அதன் அறிகுறி; உரிய காலத்தில் மருந்தெடுத்தால் முற்றாகக் குணமாகும்" என்று வாசித்தேன்.

முன்வரிசைக் கதிரையில் இருமியபடி இருந்த என் சின்னம்மா சிரித்தார்.

"காசுக்காரருக்கு வாற வருத்தம் எங்களுக்கு ஏன் பிள்ளை வருது? எனக்கு இது நெல்லு வெட்டின தூசு."

அவர் பகிடி விடுகிறார் என்று எண்ணி நானும் சிரித்தேன்.

மே மாதத்தில் அவர் இரத்தமாக இருமினார். நுரையீரல் இரண்டும் பழுதாகிவிட்டன, இனி மருந்து கொடுத்தாலும் நம்பிக்கையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"என்ன வருத்தமாம், பிள்ளை?"

"காசநோய், சின்னம்மா."

அவர் விளங்காமல் பார்த்தார். பக்கத்துக் கட்டில் பெண் தலையைத் திருப்பி, அதையே ஊர்ப் பேச்சில், "கசமக்கா, கசம்" என்றார்.

"கசமோ?" சின்னம்மா எழும்பி உட்காரப் பார்த்தார். "அப்பிடியெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா ஓடிப்போய்க் காட்டியிருப்பனே."

அன்று மாலையே அவர் இறந்துவிட்டார்.

மறுநாள் காலை, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் முன் எழுந்து நின்றேன். "சின்னம்மாவுக்குக் கசம். இருமல் இருக்கிறவை போய்ச் சளியைச் சோதியுங்கோ" என்றேன்.

இம்முறை எல்லோருக்கும் விளங்கியது. கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. இருமிக்கொண்டிருந்தவர்களே, வாயைப் பொத்தி இருமலை மறைத்தபடி, முதலில் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.