மஞ்சள் நூல் கட்டிய தேசிக்காய்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நாடுவிட்டு வந்து, பிளாக்ஹவுஸ் பே என்ற கடலோர ஊரில் வாடகைக்கு இருந்தோம். பின்வளவில் ஒரு தேசி மரம் நின்றது. எங்கள் ஊர் எலுமிச்சையான தேசிக்காய் என்று சொல்ல மனம் வராத, தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழங்கள். ஊறுகாய்க்குக்கூட உதவாது என்று நான் திட்டிக்கொண்டிருந்த அந்த மரத்தை, மச்சாள் வந்த அன்றே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அண்ணா நெடுந்தீவிலிருந்து அக்கரைக்குப் படகேறியவர். கரை சேர்ந்த செய்தியும் இல்லை, உடலும் இல்லை. காத்திருந்து களைத்துத்தான் மச்சாள் எங்களிடம் வந்து சேர்ந்தார். செத்தவருக்கான அந்தியேட்டியைச் செய்து பொட்டை அழிக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் டெலிபோனில் நச்சரித்தார்கள். அவர் அசையவில்லை. பின்கதவைப் பூட்டவும் விடவில்லை, அண்ணா வந்தால் தட்டமாட்டாராம். எனக்கு அண்ணா என்றால் உயிர். ஆனாலும் அந்தக் கதவு காற்றில் அசையும்போதெல்லாம் நடுங்கினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நெடுந்தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல், பவளம் செத்துக் கல்லான தரை. சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே வேலி கட்டுவார்கள். வெட்டவெளியில் குதிரைகள் திரியும். வளர்கிறது என்று கும்பிடும் ஒரு கல்லும், ராட்சதன் மிதித்தது என்று காட்டும் ஒரு காலடியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த எனக்கு இதெல்லாம் சிரிப்பு. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் அரிக்கும், உள்ளே குகையும் வழியும் உண்டாகும், அவ்வளவுதான். அடி காணாத நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் தொலைவில் உள்ள கீரிமலைக் கடலில் மிதக்கும் என்ற கதையும் அந்த ஓட்டைகளில் பிறந்ததுதான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

மச்சாள் அந்தக் கதையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முதல் வெள்ளிக்கிழமையே ஒரு பழத்தில் மஞ்சள் நூல் கட்டிக் கடலில் விட்டார். அது திரும்பி வராவிட்டால் அண்ணாவிடம் போய்ச் சேர்ந்தது, அவர் இருக்கிறார். திரும்பி வந்தால் வழி அடைபட்டுவிட்டது, அவர் இல்லை. மச்சாளின் கணக்கு அது.

"மச்சாள், இந்தக் கரை சுண்ணாம்புக்கல் இல்லை, மணற்கல். இதுக்குள்ளை வழி கிடையாது."

"கடலுக்கு அடியிலை எல்லாம் ஒண்டுதானே. விடிஞ்சதும் காலமை நீர் போய்ப் பாரும். எனக்குப் பார்க்கப் பயமாக் கிடக்கு."

போனேன். மணலும் சேறும் அடுக்கடுக்காய் இறுகிய பாறை, அதன் விளிம்பில் வேர்களைத் தொங்கவிட்ட பொஹுட்டுகாவா மரங்கள். தண்ணீர் வற்றிக் கண்ணெட்டும் வரை சாம்பல் நிறச் சேறு. ஆள் இல்லாத அந்தச் சேற்றுக்குள் ஏதோ டிக் டிக்கென்று ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. நண்டுகள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசிக்குள், நூல் அவிழாமல், தேசிக்காய் கிடந்தது.

"வரேல்லை மச்சாள்," என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

வெள்ளிக்கு வெள்ளி மச்சாள் ஒரு பழம் விட்டார், ஒவ்வொரு சனிக்கிழமையும் அது திரும்பி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். நான் தேசிக்காயைக் கோட்டுப் பைக்குள் மறைத்து, வேலைக்குப் போகும் வழியில் நியூ லின் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டேன். மிதக்கிற பழத்தை அலை கரைக்குத் தள்ளுகிறது, வேறொன்றும் இல்லை. அப்படியிருந்தும் அந்தக் குளிர்ந்த பழத்தை எடுக்கும்போது அண்ணாவின் கையைத் தொட்டதுபோல இருக்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை அது இல்லை. பாறை இடுக்கெல்லாம் தேடினேன். சேற்றில் முழங்கால் புதையும் வரை இறங்கித் தேடினேன். படித்த படிப்பெல்லாம் பறந்துவிட்டது. அண்ணா இருக்கிறார்! மேட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஓடினேன்.

"மச்சாள்! வரேல்லை! எல்லா இடமும் பாத்திட்டன், வரேல்லை!"

மச்சாள் குசினியில் நின்றார். அடுப்பில் தேங்காய்ப்பால் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, நூல் கட்டியபடி, தேசிக்காய் இருந்தது.

"நேற்று மழையெண்டு நான் கடலுக்குப் போகேல்லை," என்றார். சேறு படிந்த என் கால்களைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் நீர் ஒருநாளும் ஓடி வந்து சொல்லேல்லையே."



மச்சாள் சேலைத் தலைப்பால் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தார். சொதியை இறக்கி வைத்து, நூலை அவிழ்த்து, அந்தத் தேசிக்காயை வெட்டிப் பிழிந்தார். சாப்பிட்டு முடிந்ததும் போய்ப் பின்கதவைப் பூட்டினார்.