பூட்ஸ் போட்ட பேய்

பனி எப்படி விழும் என்று எனக்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும் சிவகாசி காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓடும்போது ஓரத்துக் காகிதம் சுருள் சுருளாய் விழும். சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்திய பிறகும் அதன் தூசு வெயில் விழுகிற ஜன்னலோரம் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். பனியும் இப்படித்தான் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

கார்த்திகையும் மார்கழியும் எங்களுக்கு சீசன். வரப்போகிற வருசத்து நாள்களையெல்லாம் மடியில் வைத்து, கட்டுக் கட்டாக அட்டையில் ஒட்டுவோம். எங்கள் மேசைக்கு மூன்று பேர். நான், எங்கள் ஊரிலிருந்து என்னோடு வேனில் வரும் மதினி, சாத்தூரிலிருந்து வரும் ஒரு சின்னப்பெண். மதினி எனக்குச் சொந்தமில்லை. மாதாகோயில் தெருக்காரர். பத்து வருசமாக ஒரே வேனில் வந்தால் மதினிதானே. நாங்கள் படம் பார்க்கிற போன் சின்னப்பெண்ணுடையது.

அந்த வருசம் அவள் கிறிஸ்துமஸ் பேய்ப்படமாகத் தேடிப் பிடித்தாள். வெளிநாட்டுப் படங்கள்தான், ஆனால் தமிழ் பேசும். போனைத் தேதிக்கட்டில் சாய்த்து வைத்து, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம். ஒரு படம் முடிய நாலு நாள் ஆகும். பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்கு உட்கார்ந்தால் கை தேதியை அடுக்கும், மனசு அந்தப் பனி ஊரில் திரியும். திரும்பும்போது வேனில் கண் சொருகினால், கரிசல்காடு முழுக்க வெள்ளையாய்க் கொட்டிக்கொண்டிருக்கும்.

படம் முடிந்த அன்று மார்க் போடுவோம்.

முதல் படத்தில் ஒரு மரம். காட்டிலிருந்து வெட்டி வந்து வீட்டுக்குள் நட்டு, விளக்குப் போடுகிறார்கள். அது எழுந்து நடந்து வீட்டிலிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பிடிக்கிறது. நான் பத்துக்கு எட்டு போட்டேன்.

"வேம்புல ஒரு கொப்பு ஒடிக்கணும்னாலும் ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுத்தான ஒடிக்கோம்? கேக்காம வெட்டுனா அது சும்மா இருக்குமா?"

"யக்கா, மரத்துக்கு நீங்கதான் வக்கீலா?" என்றாள் சின்னப்பெண்.

இரண்டாவது படத்தில்தான் வினை வந்தது. சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, பூட்ஸ், தோளில் சாக்கு. கிறிஸ்துமஸ் தாத்தாவேதான். வாசலில் நின்று, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அன்பாகக் கேட்பான். கதவைத் திறந்த வீட்டில் மறுநாள் ஆள் இருக்காது. சாக்கு கனத்திருக்கும்.

"இம்புட்டு நடந்த பெறகும் கதவைத் தெறக்காக பாரு," என்றேன்.

"தெறக்கலேன்னா படம் எப்படிக்கா ஓடும்?"

"அது கெடக்கட்டும். பனியில அம்புட்டுத் தடம் பதியுதே, பேய்க்கு ஏது பிள்ள காலு? தரையில காலு பாவுனா அது பேயே இல்ல."

"அது வெளிநாட்டுப் பேய்க்கா. குளிருக்கு பூட்ஸ் போட்டிருக்கு."

மதினி சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "அது பேயும் இல்ல, தாத்தாவும் இல்ல. அந்தத் துணிய மாட்டிக்கிட்டு வந்த களவாணிப்பய. துணி மேல என்ன குத்தம்?"

அவர் இரண்டு மார்க். நான் மூன்று. சின்னப்பெண் ஒன்பது போட்டுவிட்டு எங்களை முறைத்தாள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். மூணாப்பு படிக்கும் என் மகளும் தெருப் பிள்ளைகளும் சாயங்காலமானால் கதை கேட்டு என்னைச் சுற்றி உட்காருவார்கள். அந்தப் படத்தைச் சொன்னேன். பனியை எடுத்துவிட்டு எங்கள் தெருவைப் போட்டேன். பூட்ஸையும் எடுத்துவிட்டேன். கால் இருந்தால் பயம் வராதே. அவன் தரையில் பாவாமல் வருவான் என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது படம் போட்ட அன்று மதினி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் மதினி, என்னமும் பேச மாட்டேங்கீக?"

"உங்க தெருப் பிள்ளைக, இந்த வருசம் தாத்தா வந்தா கதவைச் சாத்தணும்னு பேசிக்கிடுதுக. கதை சொன்னது யாருன்னும் கேட்டுட்டேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு நாள் மாதாகோயில்காரர்கள் பாட்டுப் பாடி எல்லாத் தெருவுக்கும் வருவார்கள். முகமூடி போட்டு முன்னால் ஆடிவரும் தாத்தா, மதினியின் வீட்டுக்காரர். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. பல வருசத்துக்கு முன் பட்டாசாபீஸில் பிடித்த தீ அவர் முகத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. தெருவில் நடந்தால் பிள்ளைகள் அலறும். சாப்பிடாத பிள்ளையிடம், "அந்த மாமாகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லும் தாய்மாரும் உண்டு. மாரியாத்தா மன்னிக்கட்டும், நானும் ஒருதரம் சொல்லியிருக்கிறேன்.

"வருசத்துக்கு நாலு நாளு," என்றார் மதினி. "அந்த நாலு நாளுதான் பிள்ளைக அவரைப் பாத்து ஓடியாருதுக. வீட்டுக்கு வந்தும் முகமூடியக் களட்ட மாட்டாரு. செத்த நேரம் அப்படியே உக்காந்திருப்பாரு."

அன்று சாயங்காலமே பிள்ளைகளைக் கூப்பிட்டு, அது படம், நான் சொன்னது பொய் என்றேன். என் மகள் என் முகத்தையே பார்த்தாள். "நாங்க பயப்படக் கூடாதுன்னு இப்பத்தான் பொய் சொல்றீங்க," என்றாள்.

பாட்டுக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தது விளக்கு வைக்கிற நேரம். தூரத்தில் மேளம் கேட்டதுமே தெருவில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. அந்திப் புழுதிக்குள் சிவப்பு அங்கி ஆடி ஆடி வந்தது. தரையில் பாவாமல் மிதந்து வருகிற மாதிரிதான் எனக்கே இருந்தது. நடுத்தெருவில் நின்று மணியை ஆட்டினார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. மறுபடி ஆட்டினார். ரோஸ் கன்னத்து முகமூடி சிரித்துக்கொண்டே இருக்க, மணி பிடித்த கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. பாடுகிறவர்களுக்குப் பின்னால் மதினி தலைகுனிந்து நின்றார்.

பங்குனியில் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு நாங்கள் வாசலில் குடத்தோடு நின்று காலில் தண்ணீர் ஊற்றுவோம். அதுதான் என் கைக்கு வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மஞ்சள் கலக்கவில்லை. அவர்களுக்கு ஆகுமோ ஆகாதோ.

"அண்ணே, செத்த நில்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அங்கியைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்தார். ஊற்றினேன். புழுதி கரைந்து ஓடியது. ஜன்னலிலிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, காலு இருக்கா?"

"வந்து பாரு."

வந்தாள். குத்தவைத்து உட்கார்ந்து விரல்களை எண்ணினாள். "இதுல அஞ்சு. இதுலயும் அஞ்சு." ஒரு விரலைத் தொட்டும் பார்த்தாள். அப்புறம் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே, காலு இருக்குலே! நனையுதுலே!"

ஒரு கதவு திறந்தது. பிறகு எத்தனை திறந்தன என்று நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு அந்த ஈரக் காலைத் தொட்டார்கள், மிட்டாய் ஞாபகமே இல்லை. முகமூடிக்குள் மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. நான் நிமிரவில்லை. குடத்தில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மதினி தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்தார்.

"ஈஸ்டருக்கு முந்துன பெரிய வியாளனுக்கு எங்க சாமியாருதான் காலைக் களுவி விடுவாரு. நேத்து நீங்க களுவிட்டீக." சின்னப்பெண்ணுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டுச் சொன்னார், "மனுசன் முகமூடியோடயே சாப்பிட உக்காந்துட்டாரு. தாடியெல்லாம் ரசம்."

சின்னப்பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துத் தயங்கினாள்.

"போடு பிள்ள," என்றார் மதினி. "மொதல்ல அவன் காலைக் காட்டச் சொல்லு."